அசல் வண்டி எது?



சென்ற திங்கள் நம் மன்றத்தின் மாலைக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, பொறியியல் துறை நண்பர் ஒருவர் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார். “2022-ஆம் ஆண்டில் பழைய மெர்சிடிஸ் கார் ஒன்று பதின்மூன்றரைக் கோடி யூரோவுக்கு ஏலம் போயிற்றாமே! அது அசல்தான் என்று எப்படி ஐயா கண்டுபிடிக்கிறார்கள்?” என்றார். அவ்வளவுதான், இரண்டு கட்சிகள் பிறந்துவிட்டன. ஒவ்வொரு திருகாணியும் தொழிற்சாலையில் முடுக்கியபடியே இருந்தால்தான் அது அசல் என்றது ஒரு கட்சி. அசலாவது நகலாவது, எல்லாம் பணம் படைத்தவர்களின் பைத்தியம் என்றது மறு கட்சி. நான் ஒரு கட்சியிலும் சேரவில்லை. “வேதியியல்காரர் ஏன் வாய் திறக்கவில்லை?” என்று கேலி கூடச் செய்தார்கள். திறந்திருந்தால் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே சொல்ல மனம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையார் ஒரு டிங்கர். ஆம்பூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பதினான்கு வயதில் பெங்களூருக்கு வந்தவர். ஜே.சி. ரோடு என்று நாம் சுருக்கிச் சொல்கிறோமே, அந்த ஜெயசாமராஜேந்திர சாலையின் பின்சந்து ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தகடு தட்டி வருகிறார். எல்லா வண்டிகளும் வரும். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை பழைய வண்டிகள்தாம். உதிரிப் பொருள் எங்குமே கிடைக்காத வண்டிக்கு, மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி, வேண்டிய வளைவை வரவழைத்துவிடுவார். நான் இன்று ஆய்வுக்கூடத்தில் நிற்கிறேன் என்றால் அந்தச் சத்தத்தில் வந்த காசினால்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு பழைய பங்களாவின் சாமான்களை வாரிசுகள் ஏலம் விட்டார்கள். அவற்றுள் மூன்று கார்கள். ஒன்றை வாங்க விரும்பிய முதியவர் ஒருவர், “மேஸ்திரி, நீங்க வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லணும்” என்று அப்பாவை அழைத்தார். விடுமுறையாதலால் நானும் டார்ச் விளக்கையும் காந்தத்தையும் தூக்கிக்கொண்டு உடன் சென்றேன்.

வண்டி 1936-ஆம் ஆண்டின் மாரிஸ் எயிட். 918 சி.சி. எஞ்சின், பார்த்த கண்களுக்குப் பொம்மை போலிருக்கும். விற்பனைக்குப் பொறுப்பேற்றிருந்த தரகர், “ஒரு ஆணி கூட மாத்தல மேஸ்திரி. எல்லாம் கம்பெனி ஒரிஜினல். உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

அப்பா பதில் பேசவில்லை. கோணிச் சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். ஒரு பழைய வண்டியைப் பார்க்கும் முறை என்ன என்பதை அன்றுதான் ஒழுங்காகக் கண்டேன். மேலே பளபளக்கும் பெயின்டை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் வைத்து இழுத்தார். தகட்டின் மேல் பட்டி கனமாகப் பூசியிருந்தால் அங்கே காந்தம் ஒட்டாமல் வழுக்கும். விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்டார். திருகாணிகளின் தலையைப் பார்த்தார். ஸ்டார் ஸ்க்ரூ என்கிறோமே, கூட்டல் குறி போட்ட அந்தத் திருகு, 1936-இல் அமெரிக்காவில் காடிலாக் வண்டியில் முதன்முதல் புகுந்தது. அதே ஆண்டின் ஆங்கில வண்டியில் அது இருந்தால் பின்னால் வந்தவர் எவரோ வைத்தது என்று கொள்ளலாம். அப்பாவுக்குக் காடிலாக்கின் வரலாறு தெரியாது. ஆயினும், “இந்த வண்டில இந்த ஸ்க்ரூ வராது” என்பது தெரியும்.

இடப்பக்க முன் மட்கார்டின் அடியில் அவர் கை நின்றது. “தம்பி, டார்ச் இங்க அடி” என்றார். அடித்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, “இது நான் செஞ்சதுடா” என்றார்.

ஆம்! 2004-ஆம் ஆண்டில் லாரி இடித்து நொறுங்கிய மட்கார்டுக்கு மாற்றாக, 20 கேஜ் தகட்டில், ஒன்பது நாள் உழைத்து அவர் செய்தது அது. ஓரத்தில் கம்பி வைத்துச் சுருட்டிய விதமும், கேஸ் வெல்டிங்கை அவர் எங்கே தொடங்கி எங்கே முடிப்பார் என்பதும் அவருக்குத் தெரியாமல் போகுமா? தன் பிள்ளையின் கையெழுத்தைத் தாய் அறிவது போல அறிந்துகொண்டார். அன்று வேலை கொடுத்த வண்டிக்காரர் காலமாகிவிட்டார். வாரிசுகளுக்குச் செய்தி தெரியாது. தரகருக்குத் தெரியுமோ தெரியாதோ, அது அவர் மனச்சான்றுக்கே வெளிச்சம்.

அப்பா எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். “இந்த மட்கார்டு கம்பெனி மட்கார்டு இல்லீங்க. நான் செஞ்சது. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு” என்று முதியவரிடம் சொன்னார்.

தரகரின் முகம் கறுத்தது. ஆனால் என்னைச் சுட்டது அவர் கோபமன்று. சுற்றி நின்றவர்களுள் ஒருவர், “ஓ, டூப்ளிகேட் மட்கார்டா!” என்றார். அந்தச் சொல் கூட்டத்தில் வாய்க்கு வாய் சென்றது. வண்டியின் விலை எழுபதினாயிரம் ரூபாய் இறங்கிற்று. தரகர் வழியாக வந்துகொண்டிருந்த வேலைகள் அன்றோடு நின்றன. அந்த ஆண்டு என் கட்டணத்தை அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டினார்கள். வளையல் பிறகு மீண்டது. டூப்ளிகேட் என்ற சொல்தான் என் மனத்திலிருந்து இன்னும் மீளவில்லை.

இப்போது வாதத்துக்கு வருவோம். என் தந்தையாரின் மட்கார்டு போலியா?

முதல் கட்சியார் போலி என்பார்கள். அவர்களை ஒன்று கேட்கிறேன். இந்த நாட்டில் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் ஓடிய வண்டி ஒன்று தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எப்படி இருக்க முடியும்? விடுதலைக்குப் பின் வெளிநாட்டுக் கார்களுக்கும் உதிரிப் பொருள்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 1950-களின் நடுவில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய இரு கம்பெனிகளும் இங்கே தம் கார் வேலையை மூடிவிட்டுப் போய்விட்டன. அதன் பிறகு ஒரு ஷெவ்ரலேயின் பம்பரோ மாரிஸின் மட்கார்டோ வேண்டுமென்றால் எங்கே போவது? சென்னையில் புதுப்பேட்டைக்குப் போய் உடைத்த வண்டிகளில் தேட வேண்டும், இங்கே ஜே.சி. ரோட்டுச் சந்துகளுக்கு வர வேண்டும். அங்கும் இல்லையென்றால் தட்டிச் செய்ய வேண்டும். லேத்தில் கடைந்த பிஸ்டன் பின், லாரியிலிருந்து வெட்டிப் பொருத்திய ஸ்பிரிங் பட்டை, டிங்கரின் தகடு, இவற்றால்தான் அந்த வண்டிகள் பிழைத்தன. ஆகவே, இந்தியச் சாலையில் நெடுங்காலம் ஓடிய வண்டி ஒன்று ஓர் ஆணியும் மாறாதது என்று எவரேனும் ஏலத்தில் கூறினால், ஒன்று அது ஓடவே இல்லை, அல்லது கூறுபவர் முழுதும் கூறவில்லை.

மாற்றம் ஒன்று, மறைப்பு வேறொன்று. இந்த வேறுபாட்டைக் காட்ட இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆள் எங்கள் கொட்டகைக்கு ஒரு பழைய சேசிஸைக் கொண்டுவந்தார். அதிலிருந்த எண்ணை ராவிவிட்டு, கையிலிருந்த ஆர்.சி. புத்தகத்தில் கண்ட எண்ணைப் பஞ்ச் அடித்துத் தர வேண்டும் என்றார். கூலியாக அப்பாவின் ஒரு மாத வருமானத்தைச் சொன்னார். அப்பா மறுத்துவிட்டார். கவனியுங்கள்: மட்கார்டு செய்வதும் அதே கை, அதே சுத்திதான். எண்ணை மாற்றி அடிப்பதும் அதே சுத்தியால் ஆகக்கூடியதே. முன்னது வண்டியைப் பிழைக்க வைப்பது. பின்னது செத்த வண்டியின் பெயரை வேறொரு வண்டிக்குச் சூட்டி ஏலத்தில் நிறுத்துவது. ஏலக்கூடத்திலோ இரண்டையும் ஒரே சொல்லால் டூப்ளிகேட் என்கிறார்கள்!

“ராவின எடத்துல இரும்பு மறக்காது தம்பி” என்று அன்று இரவு அப்பா சொன்னார். வியப்பு என்னவென்றால், நம் உலோக விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. எஃகின் மீது பஞ்ச் இறங்கும்போது பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. பள்ளத்துக்கும் கீழே உலோகத்தின் மணிகள் நசுங்கி உருக்குலைகின்றன. எண்ணை அரத்தால் ராவி மழமழப்பாக்கினாலும் அடியிலுள்ள நசுங்கல் போவதில்லை. குப்ரிக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ஃபிரை கரைசலை அங்கே தடவினால், நசுங்கிய மணிகளும் நசுங்காத மணிகளும் வெவ்வேறு விதமாய் அரிக்கப்பட்டு, மறைந்த எண் மங்கலாக எழுந்து வருகிறது. திருட்டு வண்டிகளையும் துப்பாக்கிகளையும் துப்புத் துலக்குவோர் பல்லாண்டுகளாகக் கையாளும் முறை இது. மிக ஆழமாக ராவிவிட்டால் பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயின்டும் அப்படியே. நகக்கண் அளவு சில்லு ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டி நுண்நோக்கியில் வைத்தால், மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு பூச்சும் தனித்தனியே தெரியும். நீல நிறத்துக்கு இன்று பெருவழக்காயிருக்கும் தாலோசயனின் நிறமி 1935-இல்தான் விற்பனைக்கு வந்தது. 1930-இல் பூசியதாகக் கூறும் அடிப்பூச்சில் அது இருந்தால், அந்தப் பூச்சு அவ்வாண்டினதன்று. ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. வண்டி போலி என்று இதனால் ஆகிவிடாது. யாரோ ஒருவர் பிற்காலத்தில் மீண்டும் பெயின்ட் அடித்தார் என்பது மட்டுமே நிறுவப்பட்டது. எந்த ஆண்டில் எது நடந்தது என்று விஞ்ஞானம் சொல்லும். அதைச் செய்தவர் ஏமாற்றவா, காப்பாற்றவா என்று சொல்ல விஞ்ஞானத்தால் ஆகாது.

அதைச் சொல்ல ஒரு நீதிபதி முயன்றார். 1990-இல் இலண்டனில் நடந்த வழக்கு அது. 1929-ஆம் ஆண்டிலும் 1930-ஆம் ஆண்டிலும் பிரான்சு நாட்டின் ல மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி கார் ஒன்று உண்டு. ‘பழைய முதல் எண்’ என்று பொருள்படும் ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்பது அதன் பெயர். அதை வைத்திருந்த ஹப்பர்ட் என்பவரிடம், மிடில்பிரிட்ஜ் என்னும் கம்பெனி ஒரு கோடி பவுனுக்கு விலை பேசியது. பேசியபின், இது அந்தக் காரே அன்று என்று பின்வாங்கியது. உள்ளே துருவிப் பார்த்தால், 1929-இல் வென்ற வண்டியினது என்று உறுதியாகச் சொல்லத்தக்க பகுதி ஒன்றுகூட இல்லை. 1930-ஆம் ஆண்டு வண்டியிலிருந்து எஞ்சியவை பெடல் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டீரிங் தண்டு, இவ்வளவே! மற்றவை 1932-இலும் அதற்குப் பின்னும் வந்தவை. அந்த 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் இதே வண்டி திடலின் விளிம்பைத் தாண்டி விழுந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ மாண்டார். பிறகு வண்டி மீண்டும் கட்டப்பட்டது. மீண்டும் மாற்றப்பட்டது.

நீதிபதி ஆட்டன் என்ன தீர்த்தார்? இதனை ‘மாறாத முதல் வண்டி’ என்று அழைக்க இயலாது, ஆனால் ‘மெய்யான வண்டி’ என்று அழைக்கலாம் என்றார். ஏன்? இந்த வண்டி எந்நாளிலும் இல்லாமற் போய்ப் பிறகு புதிதாய் முளைத்ததன்று. ஒவ்வொரு மாற்றமும் முந்திய வண்டியின் மேல் நடந்தது. அந்தப் பெயருக்குப் போட்டியாக வேறொரு வண்டியும் இல்லை. ஆகவே வாங்கியவர் பேசிய விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மூன்று இரும்புத் துண்டு மிஞ்சிய வண்டி மெய்யானது என்றால், ஒரு மட்கார்டு மட்டும் மாறிய மாரிஸ் எயிட்டை என்னென்பது? ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த வழக்கில் ஹப்பர்ட் வென்றதற்கு, வண்டியின் மாற்றங்கள் ஆண்டுவாரியாக எழுதப்பட்டிருந்ததும், யார் எப்போது எதைக் கழற்றினார் என்று சான்று கூற முடிந்ததும் பெருந்துணை. நம் ஊர் வண்டிகளுக்கு அந்த எழுத்து இல்லை.

விலையைப் பற்றியும் இரண்டு சொற்கள். அதிகம் தேவையில்லை. முப்பத்தாறே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. வண்டிகளுள் ஒன்று 2018-இல் கலிபோர்னியாவில் நான்கு கோடியே எண்பத்துநான்கு இலட்சம் டாலருக்குப் போயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு அதே ஊர் ஏலத்தில் பழைய போர்ஷே ஒன்று வந்தது. ஏலம் கூறியவர் பதின்மூன்று மில்லியன் என்றது கூட்டத்துக்கும் திரைக்கும் முப்பது மில்லியனாகக் கேட்டுவிட்டது; ஆங்கிலத்தில் இரண்டும் நெருங்கிய ஒலிகள் அல்லவா! எண்கள் எழுபது வரை ஏறின. பிறகு அவர் அது பதினேழு என்று திருத்தவே கூச்சல் எழுந்து, வண்டி விலை போகாமலே நின்றது. ஓர் எழுத்தின் ஒலியில் ஐந்து கோடி டாலர் தோன்றி மறைகிற இடத்தில் விலையை வைத்து மதிப்பை அளக்கலாமா என்று பைத்தியக் கட்சியார் கேட்பார்கள். அந்த மட்டில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கொல்கத்தாவில் நேதாஜி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வாண்டரர் கார் இருக்கிறது. 1941 ஜனவரி 16-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், காவலர் கண்ணில் மண்ணைத் தூவி, நேதாஜியை எல்ஜின் சாலை வீட்டிலிருந்து கோமோ இரயில் நிலையத்துக்கு அவருடைய அண்ணன் மகன் சிசிர் போஸ் ஓட்டிச் சென்றது அந்தக் காரில்தான். நெடுங்காலம் ஓடாமல் நின்ற அதை ஆடி கம்பெனியார் செப்பனிட்டு, 2017 ஜனவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்து வைத்தார். புதுப் பெயின்ட் பூசியதால் அது நேதாஜி சென்ற கார் இல்லாமற் போயிற்றா? அதே ஆண்டில் அதே தொழிற்சாலையில் செய்து, ஒரு கீறலும் படாத இன்னொரு வாண்டரர் எங்கேனும் கிடைத்தாலும், அதன் முன் யார் கைகூப்பி நிற்பார்? நம்மவர் சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் எம்.ஜி.ஆரின் டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடரைப் பார்த்துவிட்டு, “இந்த கிளட்ச் பிளேட் அசலா?” என்று கேட்பதில்லை. வண்டி யாரைச் சுமந்தது, எந்த வழியில் சென்றது, யார் கையால் பிழைத்தது என்பதும் அதன் மெய்தான். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நாம் ஏன் அழிக்கிறோம்?

2021 ஜூலையில் மைய அரசு பழைய வண்டிகளுக்கெனப் புது விதி வகுத்தது. முதற்பதிவு கண்டு ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனி எண். புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம் ரூபாய். நல்ல ஏற்பாடு, பழைய வண்டிகளைக் காயலான் கடைக்குப் போகாமல் காக்கும். ஆனால் வண்டி தன் முதல் உருவிலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது என்கிறது அவ்விதி. அவ்வாறு கேட்டால் வண்டிக்காரர் என்ன செய்வார்? செய்த மாறுதலைச் சொல்லாமல் விடுவார். எது, எப்போது, எவரால் மாற்றப்பட்டது என்று நேர்மையாக எழுத ஒரு பக்கத்தைக் கூடவே வைத்திருந்தால் மறைக்க வேண்டிய தேவையே பாதி குறைந்திருக்கும். ஏலம் நடத்துவோரும் ‘முழுதும் அசல்’ என்று ஒரு வரி போடுவதை விட்டு, மாற்றிய பகுதிகளின் பட்டியலை வண்டியின் கண்ணாடியில் ஒட்டட்டும். அந்தப் பட்டியலில் மட்கார்டு செய்தவரின் பெயரும் இருக்கட்டும். ஓவியத்தைச் செப்பனிட்டவரின் பெயரைக் காட்சிசாலைகள் குறித்து வைக்கின்றன. தகட்டைச் செப்பனிட்டவரின் பெயரை எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

கார் வாங்க வக்கில்லாத நமக்கேன் இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். வாங்குவதற்கு அன்று. அந்தச் சந்துகளில் தகடு தட்டியவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். வேலூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வந்து, கன்னடமும் உருதும் கற்றுக்கொண்டு, ஒரு ரசீதுப் புத்தகம் கூட வைத்துக்கொள்ளாமல் வேலை செய்துவிட்டுப் போய்விட்டார்கள். என் அப்பாவிடமும் ரசீதுப் புத்தகம் கிடையாது.

அந்த மாரிஸ் எயிட்டை அந்த முதியவரே குறைந்த விலைக்கு வாங்கினார். சென்ற ஆண்டு அதை ஓட்டிக்கொண்டே எங்கள் கொட்டகைக்கு வந்தார். வலப்பக்கக் கதவின் அடி துருப்பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் அப்பாவிடம், “உங்க பேரை எங்கயாவது போடுங்க மேஸ்திரி” என்றார். “பேரெல்லாம் எதுக்குங்க” என்று அப்பா சிரித்து மழுப்பிவிட்டார். நான் மட்டும் எண்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினேன். முதற்பக்கத்தில் அந்த வண்டியின் சேசிஸ் எண்ணையும், 2004-இல் செய்த மட்கார்டையும், இப்போது மாற்றிய கதவுத் தகட்டையும் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். படி ஒன்றை அந்த முதியவருக்கும் கொடுத்தோம். இன்றைக்கு நோட்டில் ஒன்பது வண்டிகள் இருக்கின்றன. அப்பாவுக்கு நினைவிருக்கும் பழைய வேலைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். அடுத்த கொட்டகைக்காரர்கள் இருவர் தங்களுடையதையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நேரம் போதவில்லை. உருது படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரும், நன்றாகப் படம் எடுக்கத் தெரிந்தவர் ஒருவரும் கிடைத்தால் உதவியாயிருக்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நான் கொட்டகையில்தான் இருப்பேன்.